ஆசாரமும் பண்பும்: இரு நீதிநூல்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மக்கள் ஒருவர்க்கொருவர் செய்யக்கூடிய உதவிகள் பல. அவற்றுட் பெரும்பாலானவற்றிற்குப் பொருள் வேண்டும். அன்றேல் உடல்வலி வேண்டும். அன்றேல் கல்வி வேண்டும். இவற்றுள் எதுவும் வேண்டாத உதவி ஒன்றுண்டு. எதிர்ப்பட்டாரை மலர்ந்த முகத்துடன் நோக்கி, அவர் மனம் நோகாத சொல்லால் அழைத்தலே அது. நாட்கூலி பெறுவோனும் அதனைச் செய்யலாம். நாட்டை ஆள்வோனும் செய்யலாம். இத்துணை எளிய அறம் நம்மவரிடையே இத்துணை அரிதாயிற்றே, அஃது ஏன்?

தமிழரிடம் மரியாதை இல்லையென்று எவரும் கூறார். பெரியோரைக் கண்டால் எழுந்து நிற்கின்றோம். மேலதிகாரியின் முன் குரலைத் தாழ்த்துகின்றோம். கோயில் தலைவர் வந்தால் வழிவிட்டு ஒதுங்குகின்றோம். ஆனால், அவ்வாறு ஒதுங்கிய அதே மனிதர் அடுத்த கணமே, தண்ணீர் கொண்டுவந்த சிறுவனை 'டேய்' என்று விளிக்கின்றார். மேடையேறி இனியவை கூறலைப் பற்றி ஒரு மணி நேரம் முழங்கிய சொற்பொழிவாளர், கீழே இறங்கியதும் ஒலிபெருக்கி வைத்தவரை ஏசுகின்றார். இவ்விரு செயல்களும் ஒருவரிடத்திலேயே ஒருங்கு குடியிருக்கக் கூடுமாயின், முன்னதை நாம் எப்பெயரால் அழைப்பது? பண்பு என்பதா, பயம் என்பதா?

இவ்வினாவை மனத்திற்கொண்டு நம் பழைய நூல்கள் இரண்டை எடுத்து நோக்குவோம். இரண்டும் பதினெண்கீழ்க்கணக்கில் வைத்து எண்ணப்படுவன. ஒன்று, பெருவாயின் முள்ளியார் இயற்றிய ஆசாரக்கோவை. மற்றொன்று திருவள்ளுவர் அருளிய திருக்குறள். இரண்டும் மனிதன் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதையே கூறுகின்றன. ஆயினும் இரண்டும் நம்மை ஒரே இடத்திற்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பன அல்ல.

ஆசாரக்கோவை நூறு வெண்பாக்களால் ஆயது. அதன் முதற் பாட்டு, நல்லொழுக்கத்திற்கு வித்துக்கள் எட்டு என்று தொகுத்துரைக்கின்றது. செய்த உதவியை மறவாமை, பொறுமை, இனிய பேச்சு, எவ்வுயிர்க்கும் துன்பம் இழையாமை, கல்வி, உலக நடையறிந்து உதவுதல், அறிவு, நல்லோர் நட்பு என்பன அவை. இதனினும் சிறந்த தொடக்கம் ஒரு நீதிநூலுக்கு வேண்டுவதில்லை. நூலினுள்ளும் போற்றத்தக்க விதிகள் சில உள. விருந்தினர்க்கும் முதியோர்க்கும் குழந்தைகட்கும், ஆவிற்கும் பறவைக்குங்கூட உணவளித்த பின்னரே தான் உண்ண வேண்டும் என்கின்றது ஒரு பாட்டு. மக்கள் நடக்கும் வழியையும் நீர்த்துறையையும் நிழல் தரும் இடத்தையும் அசுத்தப்படுத்தலாகாது என்கின்றது மற்றொரு பாட்டு. நம் நகரங்களின் நடைபாதைகளையும் பேருந்து நிலையங்களையும் கண்டோர், இவ்விதி இன்றும் தேவைப்படுகின்றதென்பதை ஒப்புக்கொள்வர்.

ஆயினும் அவ்வித்துக்கள் எட்டும் முளைத்து வளர்ந்த பயிரைப் பாருங்கள். எத்திசை நோக்கி உண்பது, எவ்வேளை நீராடுவது, எச்சிலோடு எவற்றைத் தீண்டலாகாது, பெரியோர் முன்னும் அரசர் முன்னும் எவ்வாறு இருப்பது என்பனவே பாட்டுக்குப் பாட்டு விரிகின்றன. இவற்றினிடையே ஐயமின்றி நீராட வேண்டிய சமயங்கள் பத்தென்று ஒரு வெண்பா வகுக்கின்றது. உண்டதைக் கான்றாலும், மயிர் களைந்தாலும், தூய்மை கெட்டாலும் நீராடச் சொல்லும் அவ்வெண்பா, கீழ்மக்களின் உடல் தன்மேற் பட்டாலும் நீராடச் சொல்கின்றது!

அன்பர்களே, சிறிது நின்று எண்ணுங்கள். எவ்வுயிர்க்கும் இன்னாதன செய்யாதே என்று முதற் பாட்டிற் கூறிய அதே புலவர், சில பாட்டுக்களுக்கு அப்பால், ஒரு மனிதனின் தீண்டலை வாந்தியோடு சேர்த்து எண்ணுகின்றார். இவ்விரண்டிற்கும் இடையே ஒரு முரண்பாடு இருப்பதாக அவர்க்குத் தோன்றவேயில்லை. என்னை காரணம்? ஆசாரம் தன்னையே நோக்குவது. என் உடல் தூயதா, என் நிலை தாழாதிருக்கின்றதா, என்னை உலகம் நன்கொழுகுபவன் என்று சொல்லுமா என்பதே அதன் கவலை. என் முன் நிற்பவனின் நெஞ்சம் என்னாயிற்று என்று அது கேட்பதில்லை. ஆதலின் இன்சொல்லென்னும் வித்து அந்நிலத்திற் பெரும்பாலும் மேலோர்க்கே காய்த்தது. புலவரை மட்டும் குறை கூறி யாது பயன்? அவர் தம் காலத்து உயர்ந்தோர் ஒழுக்கத்தைத் தொகுத்தளித்தார். அத்தொகுப்பை நூலென்று ஏட்டில் வைத்துவிட்டு, அதன் உள்ளத்தை நாம் இன்றும் நடத்தையில் வைத்திருக்கின்றோமே, அதுவே நாம் ஆராயத்தக்கது.

இனிக் குறளுக்கு வருவோம். வள்ளுவர் இன்சொல்லுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். அஃது பத்தாவது அதிகாரம். அதனை வைத்த இடத்தையும் நோக்குக. எட்டாவது அன்புடைமை, ஒன்பதாவது விருந்தோம்பல், அதன்பின் இனியவை கூறல், அதன்பின் செய்ந்நன்றியறிதல். அன்பு உள்ளத்தில் உண்டாகின்றது. விருந்தில் அது கையின் வழியே வெளிப்படுகின்றது. இன்சொல்லில் வாயின் வழியே வெளிப்படுகின்றது. அதனைப் பெற்றவரிடம் நன்றியாகத் திரும்புகின்றது. ஆகவே வள்ளுவர் கருத்தில் இன்சொல் அன்பின் குழந்தையேயன்றிச் சடங்கின் குழந்தையன்று.

இதனை அவ்வதிகாரத்தின் முதற் குறளே உறுதி செய்கின்றது. அன்பு கலந்ததாயும் வஞ்சனை இல்லாததாயும் மெய்யறிந்தோர் வாயினின்று வருவதாயும் உள்ள சொல்லே இன்சொல் என்று அஃது இலக்கணம் கூறுகின்றது. இவ்விலக்கணத்தின்படி முகத்துதி இன்சொல்லாகாது. அதில் வஞ்சனை உண்டு. அச்சத்தால் இடும் சலாமும் இன்சொல்லாகாது, அதில் அன்பில்லை. அடுத்த குறளோ, மனமுவந்து பொருள் கொடுப்பதனினும் முகமலர்ந்து இன்சொல் கூறுதல் நன்று என்கின்றது. ஏழைக்கு இதனினும் பெரிய ஆறுதல் உண்டோ? கொடுக்கப் பொருளில்லாதவனும் கொடையாளியாகலாம் என்று வழி திறந்து விட்டாரன்றோ வள்ளுவர்!

அடுத்து, 'யார்மாட்டும்' என்னும் சொல்லைக் கவனிக்க. எவரிடத்தும் என்பது அதன் பொருள். இனியவை கூறலில் ஒருமுறையும், நூறாவது அதிகாரமாகிய பண்புடைமையின் முதற் குறளில் ஒருமுறையும் இச்சொல்லை ஆசிரியர் வைத்திருக்கின்றார். எவரும் எளிதில் வந்து காணத்தக்கவனாக இருப்பவனுக்கே பண்புடைமை எளிதிற் கைகூடும் என்பது அக்குறளின் கருத்து. பெரியோரிடத்து என்றோ, உறவினரிடத்து என்றோ, தன்னினத்தாரிடத்து என்றோ அவர் வரையறுக்கவில்லை. பகைவரிடத்தும் பண்பு வேண்டும், விளையாட்டிற்கேனும் ஒருவரை இகழ்தல் தீது என்று பின்னரும் விரித்துரைக்கின்றார். பிறர் இயல்பை அறிந்து அதற்கேற்ப ஒழுகுவதே பண்பென்பது கலித்தொகையின் கருத்து. பரிமேலழகரும் அதனை ஒட்டியே இவ்வதிகாரத்திற்குப் பொருள் விரித்தார். ஆசாரம் தன்னை நோக்குவது என்றோம். பண்பு பிறரை நோக்குவது என்பது இப்பொழுது விளங்கும்.

இங்கே ஒரு தடை எழும். 'குறளிலும் குடிப்பிறப்புப் பேசப்படவில்லையா?' என்று கற்றோர் கேட்பர். கேட்பது முறையே. பண்புடைமைக்கு வழி அன்புடைமையும் உயர்குடிப் பிறப்பும் என்று அதே அதிகாரத்தில் ஒரு குறள் கூறுகின்றது. குடிமை என்னும் அதிகாரத்திலும், முகமலர்ச்சியும் ஈகையும் இன்சொல்லும் பிறரை இகழாமையும் நற்குடியாளர்க்குரியன என்று வருகின்றது. இதனை மறைத்துவிட்டு வள்ளுவரைப் புகழ்தல் நேர்மையன்று. ஆனால் குடிமைக்கும் பண்புடைமைக்கும் இடையிலே 98ஆவது அதிகாரமாகப் பெருமை நிற்கின்றது. எல்லா உயிர்க்கும் பிறப்பு ஒத்ததே, செய்தொழில் வேறுபாட்டாலேயே சிறப்பு வேறுபடும் என்று அதிலே அவர் தீர்ப்பளித்துவிட்டார். ஆதலின் அவர் கூறும் நற்குடி, நல்ல பழக்கம் நிலவும் வீடென்று கொள்வதே நூலின் முழுக்கருத்தோடு பொருந்தும். அவ்வாறு கொள்ள மனமில்லாதார்க்கும் ஒன்று சொல்வோம்: ஒரு நூலில் இரு குரல் கேட்குமாயின், எந்தக் குரலின்படி நடப்பது என்பது படிப்போர் பொறுப்பு.

குடிமை, மானம், பெருமை, சான்றாண்மை, பண்புடைமை என்னும் இவ்வதிகார வரிசையிலே நம்மனோர்க்கு மிக வேண்டிய பாடம் மற்றொன்றும் உளது. பண்பைக் கூறுமுன் மானத்தைக் கூறினார் வள்ளுவர். அம்மானத்தின் அதிகாரத்திலே, செல்வம் பெருகியபோது பணிவும், அது சுருங்கியபோது நிமிர்வும் வேண்டும் என்கின்றார். அடக்கமுடைமையிலும், பணிவு எல்லார்க்கும் நன்றெனினும் செல்வர்க்கே தனிச் செல்வமாகும் என்கின்றார். உலக வழக்கு இதற்கு நேர்மாறு. வறியவன் வளைய வேண்டும். வாழ்ந்தவன் நிமிர வேண்டும் என்பதே நாம் கண்டது. வள்ளுவரோ பணிவை மேலிருப்பவன் கடனாகவும், நிமிர்ந்து நிற்றலைக் கீழிருப்பவன் கடனாகவும் வைத்தார். தன்மானம் உடையவன் பண்பிலியாவான் என்று அஞ்சுவோர் இதனை ஊன்றிப் படிக்க வேண்டும். தன்மானம் இழந்தவன் தருவது அடிமையின் வணக்கம். தன்மானம் உள்ளவன் தருவதே பண்பு.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடலாகாது. நம் தோட்டங்களின் வரலாற்றைப் பாருங்கள். இலங்கைத் தோட்டத் துரைமார் தமிழ் கற்பதற்கென்று 19ஆம் நூற்றாண்டில் ஒரு கையேடு அச்சாயிற்று. அதற்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? 'இங்கே வா' என்பதே! நூலின் பெயரே ஏவல். அதுவும் ஒருமை ஏவல். மலாயாத் தோட்டங்களிலும் துரையிடமிருந்து கிராணிக்கும், கிராணியிடமிருந்து கங்காணிக்கும், கங்காணியிடமிருந்து பால்வெட்டுத் தொழிலாளிக்கும் இறங்கி வந்தது இவ்வேவற் தமிழே. துரையிடம் 'ஐயா' என்று குழைந்த வாயே, காலைப் பெரட்டில் 'டா' என்றும் 'டீ' என்றும் குரைத்தது. வாங்கிய வசையைக் கீழே இறக்கிவைத்து ஆறுதல் பெறுவதே முறையாயிற்று.

இதன் பயன் 1941ஆம் ஆண்டிற் கண்டோம். அவ்வாண்டு சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் விடுத்த கோரிக்கைகளிற் கூலி உயர்வு இருந்தது. பிள்ளைகட்குக் கல்வியும், மருத்துவ வசதியும், கள்ளுக்கடை மூடலும் இருந்தன. அவற்றோடு ஒன்றாக, துரைமாரும் ஆசிய அலுவலரும் எதிர்ப்படும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் இருந்தது. அடித்தும் இழித்தும் நடத்தும் அலுவலரை நீக்க வேண்டும் என்பதும் இருந்தது. அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவர், கஞ்சியோடு சேர்த்து மரியாதையையும் கேட்டனர். அவர்தம் தலைவர் ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதத்திற் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். போராட்டத்தை அடக்கத் துப்பாக்கி பேசிற்று. தொழிலாளர் உயிர்களும் போயின. சைக்கிளிலிருந்து இறங்காமற் செல்வது ஒரு சிறு காரியமென்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது.

சீர்திருத்த இயக்கம் தோன்றியபோதும் சொல்லையே முதலிற் பற்றியது. 1929இல் செங்கற்பட்டிற் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரோடு ஜாதிப் பட்டம் ஒட்டும் வழக்கத்தை விட்டொழிக்கத் தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியிற் பெரியார் ஈ. வெ. ரா. மலாயாவிற்கு வந்தார். ஒருவரை எவ்வாறு அழைக்கின்றோம் என்பதிலேயே அவரை எவ்விடத்தில் வைத்திருக்கின்றோம் என்பது அடங்கியிருக்கின்றது என்பதை அவ்வியக்கத்தார் அறிந்திருந்தனர். நம் இலக்கணமும் இதற்குத் துணை நிற்கின்றது. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கிலே வந்த உயர்சொல்லேயன்றி இலக்கண விதியால் வந்ததன்று என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திற் கூறுகின்றது. வழக்கத்தால் வந்ததை வழக்கத்தாலேயே விரிக்கலாமன்றோ? 'நீங்கள்' என்பதைத் துரைக்கு மட்டும் ஒதுக்குமாறு எந்த இலக்கணமும் நமக்கு ஆணையிடவில்லை.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். கங்காணி முறை போயிற்று. வெள்ளைத் துரைமாரும் போயினர். ரப்பர் நின்ற காடுகளிற் பெரும்பகுதி செம்பனையாயிற்று. தமிழர் பலர் தோட்டத்தை விட்டு நகரேறினர். அவர் விட்டுச் சென்ற வேலையை இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேபாளியரும் செய்கின்றனர். சிங்கப்பூரிலோ, தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர் பலர் கட்டட வேலையில் இருக்கின்றனர். அவர்களை நம்மவர் எவ்வாறு அழைக்கின்றனர் என்பதைச் செவிகொடுத்துக் கேளுங்கள். பெயரைக் கேட்பாரில்லை, அவர் நாட்டின் பெயரையே வசைப்பெயராக்கிக் கூவுகின்றனர். கடையிற் சில்லறையைக் கையிற் கொடாமற் பலகைமேல் எறிகின்றனர். அவர்க்கு நம் மொழி விளங்காதென்று எண்ணி அவர் எதிரிலேயே எள்ளி நகைக்கின்றனர். இவ்வாறு செய்வோர் யார்? சைக்கிளை விட்டு இறங்கி நின்றவரின் பேரப்பிள்ளைகள்! அந்தோ! பாட்டன் பட்டதைப் பாடமாகக் கொள்ளாமல், பாட்டனைப் படுத்தியவனையன்றோ நாம் பாடமாகக் கொண்டோம்!

இதற்குச் சமாதானம் கூறுவோர் பலர். 'மரியாதை கொடுத்தால் வேலை நடவாது. அதட்டினால்தான் நடக்கும்' என்பர் சிலர். வள்ளுவர் இதனையும் எண்ணியிருக்கின்றார். கடுஞ்சொல்லும் அளவு கடந்த தண்டனையும் அரசனது வலிமையைத் தேய்க்கும் அரம் என்கின்றார் அவர். அரிவாளுக்கு அரம் போட்டறிந்தோர் இவ்வுவமையின் நயத்தை எளிதில் உணர்வர். அரம் இரும்பை ஒரே நாளில் தின்றுவிடாது. ஒவ்வோர் இழுப்பிற்கும் சிறிது சிறிதாகவே தின்னும். அதட்டி வேலை வாங்குவோனும் நாள்தோறும் தன் செல்வாக்கை அவ்வாறே தேய்த்துக் கொள்கின்றான். 1941இல் தேய்ந்து முடிந்ததும் அதுவே. அறிவிலே அரம்போற் கூர்மையுடையோரும் மக்கட்பண்பு இல்லாவிடின் மரத்திற்கே ஒப்பாவர் என்று பண்புடைமையில் வருகின்றது. அலுவலகத்தில் எழுதுகோல் பிடித்து, செக்ரோலில் பெயர் பதிந்து, ஆங்கிலத்தில் கடிதம் வரையும் நம்போன்றார் இக்குறளைச் சுவரில் மாட்டி வைத்துக்கொள்வது நல்லது.

'அவர்கள் பழகிவிட்டார்கள், அவர்கட்கு நோவதில்லை' என்பர் வேறு சிலர். நோவதில்லையென்று சொன்னவர் யார்? சொன்னவர் வைதவரேயன்றி வையப்பட்டவரல்லர். மோந்தவுடன் வாடும் அனிச்சப்பூவைக் காட்டி, முகம் மாறி நோக்கினாலே விருந்தினர் வாடிவிடுவர் என்று உரைத்த புலவர் வழிவந்தோம் நாம். நோக்கிற்கே வாடுவது மனித உள்ளமாயின், சொல்லுக்கு அஃது என்னாகும்? வாடுவதை வெளிக்காட்ட உரிமையில்லாதவன் வாடவில்லை என்று கொள்வது பேதைமை.

'நண்பரிடையே "டா" என்பதும் குற்றமோ?' என்று நகைப்போரும் உண்டு. குற்றமன்று. அச்சொல்லைத் திருப்பிச் சொல்ல எதிரியார்க்கு உரிமை உண்டா என்பதே உரைகல். நண்பன் திருப்பிச் சொல்கின்றான். ஆதலின் அஃது அன்பு. மண்டோரிடம் தொழிலாளி திருப்பிச் சொல்ல முடியுமா? முதலாளியம்மாளிடம் வீட்டுப் பணிப்பெண் திருப்பிச் சொல்ல முடியுமா? முடியாதெனின் அஃது அன்பாகாது, அதிகாரம்.

அரசாங்கங்களும் இவ்வறத்தின் தேவையை உணர்ந்தே இருக்கின்றன. மலேசியாவில் 1970இல் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்தாம் கோட்பாடு நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் வற்புறுத்துகின்றது. சிங்கப்பூரில் 1979இல் தேசியப் பணிவன்பு இயக்கம் தொடங்கப்பெற்றது. இவை நல்லனவே. எனினும் சுவரொட்டி நம் உதட்டைச் சிரிக்கச் செய்யலாம். முகத்தில் மலர்வது அகத்திலிருந்து வர வேண்டுமென்று இனியவை கூறலிலேயே வள்ளுவர் கூறிவிட்டார். நம் தமிழ்ப்பள்ளிகளில் குறள் மனனப் போட்டி நடக்கின்றது, பிள்ளைகள் அதிகாரம் அதிகாரமாக ஒப்பிக்கின்றனர், கோப்பையும் பெறுகின்றனர். அப்பள்ளியின் வாயிலைக் காக்கும் காவலாளியை அப்பிள்ளை எவ்வாறு அழைக்கின்றது என்று பார்க்க ஒரு நடுவரும் இல்லை.

தோழர்களே! நாம் செய்ய வேண்டுவன பெருங்காரியங்களல்ல. உங்கள் கீழ் வேலை செய்வோரின் பெயரைக் கேட்டறிந்து பெயர் சொல்லி அழையுங்கள். வயதில் மூத்த தொழிலாளியை, அவர் எந்நாட்டினராயினும், 'நீங்கள்' என்றே பேசுங்கள். அவர் மொழியில் அதற்கீடான சொல்லொன்றையேனும் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் வணக்கம் கூறினால் தலையை மட்டும் அசைக்காமல் வாய்திறந்து திருப்பிக் கூறுங்கள். காசைக் கையிற் கொடுங்கள். பிள்ளைகள் முன்னிலையில் வேலைக்காரரை ஏசாதீர்கள். அவர்கள் குறளைப் பள்ளியிலும் நடத்தையை வீட்டிலும் கற்கின்றனர். கீழ்நிலையில் இருப்போரும் ஒன்று செய்ய வேண்டும். மரியாதையாகப் பேசுங்கள், ஆனால் வளையாதீர்கள். உங்களை இழித்து அழைப்பவரிடம், 'என் பெயர் இது' என்று அமைதியாகச் சொல்லுங்கள். அதுவும் பண்பே.

நம்மால் ஒரு நன்மையும் திருப்பிச் செய்யவியலாதவரிடத்தும், நம்மை ஒரு தீமையும் செய்யவியலாதவரிடத்தும் நாம் எவ்வாறு பேசுகின்றோமோ, அதுவே நம் உண்மைப் பண்பின் அளவு. மேலோர்க்குச் செய்வதெல்லாம் ஆசாரக்கோவையின் வழியிலும் செய்யலாம். 'யார்மாட்டும்' செய்வதற்கே குறள் வேண்டும்.